இஷ்பெல் எடுக்கச் சொன்ன கல்

ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்ரார் பக்கத்துப் பண்ணைகளில் பால் லாரி ஓட்டுகிறவள் இஷ்பெல் கார்கில். பனித்தரையில் கனத்த கல்லை வழுக்கிவிட்டு, அது போகும் வழியைத் துடைப்பத்தால் தேய்த்து, வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும் கர்லிங் ஆட்டத்தில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

உலகப் போட்டியில் ஸ்காட்லாந்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் விட்ட கடைசிக் கல்தான் ஒலிம்பிக்கில் இடம் வாங்கித் தந்தது. ஆனால் அந்த இடம் ஸ்காட்லாந்துக்குச் சொந்தமில்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒலிம்பிக்கில் இருப்பது பிரிட்டன் என்ற ஒரே அணி. யார் போவது என்பதை பிரிட்டன் தேர்வுக் குழு முடிவு செய்யும். குழு இஷ்பெலை விட்டுவிட்டு, அதே அணியில் அவளுக்கு அடுத்தபடியாக ஆடிய ஐல்சா மக்வியைத் தலைவியாக்கியது.

ஐல்சாவுக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும், அறிவிப்புக்கு முதல் நாள் சாயங்காலம் இஷ்பெல் வீட்டில் ஆட்டிறைச்சி சூப்பைக் குடித்துவிட்டு, வாயே திறக்காமல் எழுந்து போனாள். அதைத்தான் இஷ்பெலால் பொறுக்க முடியவில்லை.

ஐல்சா பதக்கத்தோடு திரும்பினாள். பண்ணைக்காரர் கூர்லே லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"ஏம்மா இஷ்பெல், கல்லு விட்டது நீ, பதக்கம் தொங்கறது அவ கழுத்துல. பாலை நீ சுமந்துட்டு வர, வெண்ணெய அவ வழிச்சு நக்கிட்டாளே!"

"சிரிங்க சிரிங்க. அந்த வெண்ணெய கக்க வைக்கிறேனா இல்லியான்னு பாருங்க."

இஷ்பெலின் அம்மா வேல்ஸ்காரி. வேல்ஸில் இரண்டு வருஷம் குடியிருந்தால் வேல்ஸுக்கு ஆடலாம். லாரி வேலையை விட்டுவிட்டு, ஃப்ளின்ட் ஊரில் ஒரு பேக்கரி வண்டியை ஓட்டப் போனாள். காலையில் ரொட்டி, சாயங்காலம் பனித்தரை. கெடு முடிந்ததும் சிவப்புச் சட்டை அவள் கைக்கு வந்தது.

ஐரோப்பியப் போட்டியில் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் மோதின. வேல்ஸுக்குத் தலைவி இஷ்பெல், ஸ்காட்லாந்துக்குத் தலைவி ஐல்சா. தோற்றால் ஸ்காட்லாந்து உலகப் போட்டிக்குப் போக முடியாது. பிரிட்டனுக்கு அடுத்த ஒலிம்பிக்கில் இடம் தேடித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது ஸ்காட்லாந்து மட்டும்தான். அது போகாவிட்டால் பிரிட்டனுக்கும் இடம் இல்லை. வேல்ஸ் எத்தனை ஜெயித்தாலும் அந்தக் கணக்கில் சேராது.

ஆட்டத்துக்கு முன்னால் வேல்ஸ் அணியில் ஆடும் பெண் நெரிஸ் கேட்டாள்: "கேப்டன், நாம ஜெயிச்சா யாருமே ஒலிம்பிக் போக முடியாதா?"

"முடியாது."

"என்னையும் பிரிட்டனுக்கு எடுக்கலாம்னு பேச்சு இருக்கு, கேப்டன்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. போய் துடைப்பத்தை எடு."

கடைசிச் சுற்றுவரை சரிக்குச் சரி. நடுப்புள்ளிக்கு மிக அருகில் நிற்கிற கல்லுக்குத்தான் வெற்றி. அங்கே நின்றது இஷ்பெலின் கல். ஐல்சாவுக்கு ஒரு கல் மிச்சம். அதை விட்டவள் தானே எழுந்து ஓடிப்போய், அதன் முன்னால் தேய்த்தாள். கல் நகர்ந்து வந்து இஷ்பெலின் கல்லைவிட ஒரு விரல் உள்ளே நின்றது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

ஐல்சா மட்டும் கையைத் தூக்கினாள். "என் துடைப்பம் கல்லு மேல பட்டுடுச்சு."

ஓடும் கல்லில் துடைப்பம் படுவது தப்பு. நடுவர் பார்க்கவில்லை. வேறு யாருமே பார்க்கவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் தப்பைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிடுவார்கள். கல்லை அங்கேயே விட்டுவிடுவதா எடுத்துவிடுவதா என்பது எதிர்த் தலைவியின் இஷ்டம். லேசாகப் பட்டிருந்தால் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

"லேசாத்தான் பட்டுச்சு கேப்டன்," என்று நெரிஸ் முணுமுணுத்தாள்.

இஷ்பெல் ஐல்சாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த வாய்க்கு உண்மை பேசத் தெரிந்திருக்கிறது. கல்லுக்காகத் திறந்த வாய் சூப் குடித்த அன்றைக்குத் தனக்காகத் திறக்கவில்லை.

"எடு," என்றாள்.

வேல்ஸ் ஜெயித்தது. அரங்கில் ஒருவரும் கை தட்டவில்லை. நெரிஸ் கையுறையைக் கழற்றிவிட்டு நேராக உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் தோற்றவருக்கு மது வாங்கிக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து குடிக்க வேண்டும். அந்த வழக்கத்தை இஷ்பெல் மீறவில்லை. விஸ்கியைக் கொண்டுவந்து ஐல்சா முன்னால் வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல நீ?"

"பயமா இருந்துச்சுடி. மன்னிச்சுடு. இன்னிக்கு அந்தக் கல்லை எடுக்காம விட்டிருக்கலாமே நீ."

"விட்டிருக்கலாம்."

ஐல்சா குனிந்துகொண்டு குடித்தாள். கோப்பை காலியாகும்வரை இஷ்பெல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பரிமாறுகிறவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"இன்னொண்ணு ஊத்துப்பா. இந்தம்மாவுக்கு இனிமே அவசரமா போற ஜோலி எதுவும் இல்ல."