ஆறு இறங்கியது, எங்கள் கொல்லை ஏறியது

அறுபதுகளில் ஒரு ஐப்பசி மழை. விழுப்புரத்துக்குத் தெற்கே, தென்பெண்ணையை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு நான் மருமகளாகப் போயிருந்தேன். என் இரண்டாவது பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

ஒவ்வொரு வெள்ளத்திலும் அடிபட்டு அலுத்துப்போய், அந்தக் கோடையில்தான் ஊரே கூடி ஆளுயரத்துக்குப் புதுக் கரை போட்டிருந்தது. வெள்ளம் வந்ததும் ஆண்கள் எல்லாரும் கரையில் காவலுக்குப் போய்விட்டார்கள். தங்கள் ஊரைக் காப்பாற்ற எதிர்க்கரைக்காரர்கள் நம் கரையை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் எப்போதும் உண்டு. என் மாமனார்தான் காவலுக்குத் தலைவர். ஒரு பிடி மண்ணைத் தொட யாரையும் விடமாட்டார்.

நானோ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவருகே உட்கார்ந்திருந்தேன். கொல்லையில் தண்ணீர் தேங்கி நின்றது. கரைதான் உடையவில்லையே, பிறகு கொல்லையில் எப்படித் தண்ணீர்? எதையும் ஏன், எப்படி என்று நோண்டுகிற புத்தி எனக்கு. ஓர் ஆமணக்குக் குச்சியை அந்தத் தண்ணீரில் ஊன்றினேன். சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் ஆற்றோரமும் ஒன்று ஊன்றிப் பார்க்கச் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே போனார்.

மத்தியானம் சிரிப்பில்லாமல் திரும்பி வந்தார். ஆற்றில் குச்சி வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. என் குச்சியோ முழுகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது: வயல் தண்ணீர் ஆற்றுக்கு வடிகிற ஓடையையும் சேர்த்து அடைத்துத்தான் கரை போட்டிருந்தோம். கட்டும்போது ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

எங்கள் வீடு மண்சுவர். அடிச்சுவர் ஊறி உதிர்ந்துகொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?

வீட்டுக்காரர் மாமனாரை அழைத்து வந்து, ஓடை வாயில் கரையை வெட்டிவிடலாம் என்றார். கரையை வெட்டுவதா என்று மாமனார் சீறினார். அவர் முன்னால் வாயே திறக்காதவள் நான். அன்று திறந்தேன்.

"மாமா, ஆறு எறங்கிக்கினு போவுதுங்க. உள்ளதான் தண்ணி ஏறிக்கினு வருது. வழி வுடலன்னா செவுரு புள்ள மேல வுழுந்துடுங்க."

அவர் சுவரைத் தொட்டார். மண் கையோடு வந்தது. நேராகப் போய், ராப்பகலாகக் காத்த கரையில் முதல் வெட்டை அவரே போட்டார். தடுக்க வந்தவர்களிடம், "எம் பேரன் உள்ள இருக்கான், வுடுங்கடா" என்றாராம்.

எங்கள் ஊர்த் தண்ணீர் ஆற்றுக்குள் பாய்ந்தது. எதிர்க்கரைக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்களாம். பொழுது சாய்வதற்குள் கொல்லைத் தரை தெரிந்தது. சுவர் நின்றது, பிள்ளை தூங்கினான்.

இன்றும் எங்காவது புதுக் கரை கட்டுகிறார்கள் என்றால் எல்லாரும் அதன் உயரத்தை விசாரிக்கிறார்கள். எனக்கு மட்டும், உள்ளே பெய்கிற மழைக்கு வழி விட்டிருக்கிறார்களா என்று கேட்டால்தான் மனசு ஆறுகிறது.