சோமசேகரம் அண்ணையின் ஐஸ்பழக் காவல்

சோமசேகரம் அண்ணை பிளாஸ்டிக் அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்விளிம்பில் பெருவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் எட்டு அச்சுகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, வெளிப்புறத்தைத் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளின் மேல் நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்தார். தாள் நனைந்தால் அச்சு ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆறாவது அச்சின் அடியில் மிளகளவு ஈரம் தெரிந்தது. அதைத் தூக்கி மேசையின் மறுமூலையில் வைத்தார்.

"இது ரிப்பேருக்கு டொக்கில ஏத்த வேண்டியது. மற்ற ஏழையும் வேலைக்கு எடுக்கலாம்."

ஐஸ்பழம் செய்வதற்கு ஐந்து நிமிட வேலை போதும். சாற்றை ஊற்றி, குச்சி வைத்த மூடியைப் போட்டு, பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். அந்த ஐந்து நிமிட வேலையை அண்ணை முக்கால் மணிநேரமாகச் செய்துகொண்டிருந்தார். அவசரப்படுத்தவும் வழியில்லை. தயாரிப்பு முழுவதும் தன் பொறுப்பில் இருந்தால்தான் ஐஸ்பழம் சாப்பிடுவேன் என்று காலையிலேயே நிபந்தனை போட்டிருந்தார்.

அவருக்கு எழுபத்தொன்பது வயது. திருகோணமலைத் துறைமுகத்தில், பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வரும் டக் படகில் முப்பத்தாறு வருடம் எஞ்சின் பார்த்தவர். மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. லிங்கநகரில் மகள் சுதர்ஷிகாவின் வீட்டில் இருக்கிறார். சுதர்ஷிகா பள்ளிக்கூட ஆசிரியை. அவள் வேலைக்குப் போகும் நாட்களில் சம்பளத்துக்கு வந்து அண்ணையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவருக்குச் சீனி வியாதி இல்லை, பிரஷர் இல்லை. இடது முழங்கால் மட்டும் சொல் கேட்காது. அத்துடன் தண்ணீர் குடிக்கமாட்டார்.

அந்தப் பழக்கம் எஞ்சின் அறையில் பிடித்தது. எஞ்சின் ஓடும்போது அதை விட்டுவிட்டு மேலே ஏறி வர முடியாது. ஆகவே வேலை நாட்களில் நாக்கை நனைக்கும் அளவுக்கு மட்டும் குடித்துப் பழகிவிட்டார். ஓய்வு பெற்றுப் பத்தொன்பது வருடமாகியும் அந்த எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுபோலத்தான் நடப்பார். காலையில் ஒரு தேநீர், மாலையில் ஒரு தேநீர். மேலே கேட்டால், டாங்கை நிரப்பினால் இறைக்கவும் வேணும், இறைக்க முழங்கால் விடாது என்பார்.

கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதத்தில் இந்தக் கதை எடுபடாது. வியாழக்கிழமை கதிரையிலிருந்து எழும்பியவர் தலை சுற்றி அலுமாரியைப் பிடித்துக்கொண்டார். வெள்ளி காலை டொக்டர் வந்தார். பக்கத்துத் தெருவில் இருப்பவர், சின்ன வயதுப் பெண். நாக்கைப் பார்த்தார், கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், போத்தலில் இருந்த சிறுநீரின் நிறத்தைப் பார்த்தார். அது பால் ஊற்றாத சாயத் தேநீரின் நிறம். நாளை காலை எட்டு மணிக்கு வருவேன், அதற்குள் ஒன்றரை லீற்றராவது உள்ளே போயிருக்க வேண்டும், வெளியே வருவதை எல்லாம் அளந்து வையுங்கள், எழுநூற்றைம்பது மில்லிக்குக் குறைந்தால் வார்ட்டில் சேர்த்துச் சேலைன் ஏற்றவேண்டியதுதான் என்றார். போகும்போது வார்ட்டுக்குக் கடிதமும் எழுதி மேசையில் வைத்தார். திகதியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.

அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் துறைமுக ஓய்வூதியர் சங்கத்தில் முன்னூற்றுநாலு சீட்டாட்டத்தின் இறுதிப் போட்டி. அவரும் ஜெமீலும் ஒரு சோடி. ஜெமீல் துறைமுகப் பண்டகசாலையில் நிறுவைக் கிளாக்காக இருந்தவர். சோடி இருபத்திரண்டு வருடமாக ஆடுகிறது. இறுதிப் போட்டிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அண்ணை வார்ட்டில் கிடந்தால் ஜெமீல் தனஞ்சயனைச் சேர்த்துக்கொண்டு ஆடுவார். தனஞ்சயன் துரும்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே மறந்துபோகிற மனுசன்.

அப்படிப்பட்ட நிலைமையிலும் அவர் தண்ணீரைத் தொடவில்லை. ஒரு கிளாஸ் நீட்டினேன். பார்த்தார், வைத்துவிட்டார். வயதானவர்கள் குடிக்க மறுத்தால் ஐஸாக்கிக் கொடுக்கலாம் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். சுதர்ஷிகா கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கிற ஐஸ்பழ அச்சுகளை எப்போதோ வாங்கி அலுமாரியில் போட்டிருந்தாள். எடுத்துக் காட்டினேன்.

"இது குடிக்கிற சாமான் இல்லையே," என்றார்.

"இல்லை அண்ணை. இது கடிக்கிறது."

"அப்ப சரி. ஆனா தங்கச்சி, இதை நான்தான் செய்வன். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ."

வத்தகப்பழச் சாறு பிழிந்து, தோடம்பழம் இரண்டு சேர்த்து, தண்ணீரும் சீனியும் கொஞ்சம் உப்பும் போட்டு இரண்டு லீற்றர் கலந்தேன். ஓர் அச்சில் எண்பது மில்லி பிடிக்கும். ஏழு அச்சு எத்தனை தரம் உறைந்தாலும் ஒரே நாளில் ஒன்றரை லீற்றர் வராது என்று எனக்குத் தெரியும். நாலைந்து பழம் உள்ளே போனால் வாய் ஈரமாகும், பிறகு தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்கு அச்சுகள் ஐஸ் தட்டுக்குள் போயின. ஜக்கில் மிஞ்சியதைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். அண்ணை குசினிக்குள் கதிரையை இழுத்துப்போட்டு, பிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்தார். மடியில் ஒரு கொப்பி. காதில் பென்சில். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். அதன் முனையைப் பிரிட்ஜின் பக்கத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். மோட்டர் நல்ல சத்தத்தில் ஓடுகிறது என்று எழுதினார்.

பத்து மணிக்குப் பிரிட்ஜைத் திறந்தார்.

எஞ்சின் அறையில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் டாங்க், தண்ணீர் டாங்க் எதுவானாலும் அரை மணிக்கு ஒருதடவை கோல் விட்டு ஆழம் பார்க்க வேண்டும். அதற்குச் சவுண்டிங் என்று பெயர். பார்த்ததை நேரம் போட்டு எழுத வேண்டும். ஒரு டாங்க் குறைந்தால் படகு சரியும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அண்ணை அச்சுகளை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். மூடிகளைக் கழற்றினார். கழுவிய விளக்குமாற்று ஈர்க்கை ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டார். பிறகு, உறைய ஆரம்பித்ததா என்று நாக்கால்தான் சரியாகத் தெரியும் என்று சொல்லி, ஒவ்வொரு அச்சிலிருந்தும் ஒரு மேசைக்கரண்டி அள்ளிக் குடித்தார். குறைந்த மட்டத்தை ஜக்கிலிருந்து ஊற்றிச் சரிசெய்தார். மூடிகளைப் போட்டு உள்ளே வைத்தார். கொப்பியில் எழுதினார்: பத்து மணி. எடுத்தது ஏழு கரண்டி. ஏழும் திரவம்.

பத்தரைக்குத் திரும்பவும் திறந்தார்.

பதினொரு மணிக்கு நான் சத்தம் போட்டேன். இப்படிக் கதவைத் திறந்து திறந்து மூடினால் மார்கழியிலும் உறையாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"தங்கச்சி, பாக்காமல் விட்ட டாங்க் எதுவும் சொன்னபடி நடந்ததில்லை. முப்பத்தாறு வருசம் பாத்தனான்."

பன்னிரண்டுக்கு விளிம்பில் மெல்லிய ஐஸ் பிடித்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அண்ணையோ, ஓரத்தில் படிவது கெட்ட அறிகுறி, குழாய் அடைக்கும் என்று சொல்லி அதை ஈர்க்கால் உடைத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு சவுண்டிங் தவறிப்போனது. அந்த வரிக்கு எதிரே, காவலில் ஆள் இல்லை, காரணம் சோறு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். பகல் தூக்கத்தையும் விட்டுவிட்டார்.

மூன்று மணி இருக்கும். அவர் கதிரையைப் பிடித்து எழும்பி, தடியை ஊன்றி மலசலகூடத்துக்குப் போனார். அன்றைக்கு அது மூன்றாவது தடவை. மற்ற நாட்களில் மாலைவரை ஒன்றுதான். அளவுப் போத்தலைக் கழுவப் போன எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. வந்து ஜக்கைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்குக் கீழே போயிருந்தது. ஏழு கரண்டி, ஒரு கரண்டி பதினைந்து மில்லி, ஆக ஒரு சவுண்டிங்குக்கு நூற்றைந்து மில்லி. இந்த மனுசன் காலையிலிருந்து ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடித்திருக்கிறார், அது அவருக்கே தெரியாது.

நான் ஜக்கை இருந்த இடத்தில் வைத்தேன். அடுத்த தடவை அவர் பிரிட்ஜைத் திறந்தபோது, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன், இப்ப சத்தம் போடேல்லையோ?" என்று கேட்டார்.

வேலை நடக்கட்டும் என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஏழு கரண்டியையும் ஒழுங்காகக் குடித்தார்.

பள்ளிக்கூடத்தால் வந்த சுதர்ஷிகாவை வாசலிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் பதினான்காவது சவுண்டிங். ஜக் காலி. ஆயிரத்து நானூற்று எழுபது மில்லி. காலைத் தேநீரைச் சேர்த்தால் டொக்டர் சொன்ன அளவைத் தாண்டியாயிற்று. ஆனால் அண்ணை கொப்பியை மூடிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பழமும் உறையவில்லை, ஒரு கடியும் உள்ளே போகவில்லை, நாளைக்கு வார்ட்தான் என்றார். சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். தான் குடித்தது தெரிந்தால் மாலைத் தேநீரையும் நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஜெமீல் வந்தார். சோடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். தனஞ்சயனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். அண்ணைக்கு முகம் கறுத்தது. வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்று, ஐஸ் தட்டிலிருந்து ஓர் அச்சை எடுத்து நீட்டினார். ஜெமீல் மூடியைப் பிடித்து இழுத்தார். வெறும் குச்சி வந்தது. சாறு அவர் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. ஜெமீல் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், காலி ஜக்கைப் பார்த்தார், மேசையில் மூடிக் கிடந்த கொப்பியை எடுத்துப் புரட்டினார். நாற்பது வருடம் நிறுவை பார்த்த ஆள். கண் ஓடுகிற வேகத்தில் கணக்கு முடிந்துவிட்டது.

"மச்சான், ஒண்டரை லீற்றரை நீ குடிச்சு முடிச்சிட்டாய்."

நான் கண்ணைக் காட்டியது அவருக்குப் பிந்தித்தான் விளங்கியது.

"குடிக்கேல்லை," என்றார் அண்ணை. "சவுண்டிங் எடுத்தனான்."

"வயித்துக்குள்ளதானே போச்சு?"

"அது வேலை. வேலையை ஆரும் குடிச்சதெண்டு சொல்லுறதில்லை."

ஜெமீல் கொப்பியை மேசையில் வைத்தார். தன் சோடியை அவருக்குத் தெரியும். சரி மச்சான், அப்ப ராவைக்கும் ஒருக்கா வேலை பார் என்று மட்டும் சொன்னார். அண்ணை யோசித்தார். ஆறரைக்குத் தன் தேநீரைக் கையில் எடுத்து, கரண்டியால் ஆழம் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கொப்பியில் எழுதினார். தனஞ்சயனுக்கு வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லி ஜெமீலை அனுப்பினார். அன்றிரவு அளவு குறிக்க நானும் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டொக்டர் வந்தார். அளவுப் போத்தலில் இருந்ததையும் நான் இரவில் குறித்ததையும் கூட்டினார். எண்ணூற்றுத் தொண்ணூறு மில்லி. நிறம் கஞ்சித் தண்ணீரைவிடச் சற்று மஞ்சள், அவ்வளவுதான். அண்ணையின் தோலைக் கிள்ளினார், அது உடனே படிந்தது. என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். ஒன்றும் குடிக்கவில்லை என்று சொல்லி அண்ணை கொப்பியை நீட்டினார். டொக்டர் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். காவலில் ஆள் இல்லை, காரணம் சோறு என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு வார்ட்டுக்கு எழுதிய கடிதத்தை நாலாகக் கிழித்து என் கையில் தந்து, இதே வேலையைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

அவர் போன பிறகு ஐஸ் தட்டைத் திறந்து பார்த்தேன். இரவு முழுவதும் ஒருவரும் காவல் இல்லாததால் மிச்சம் ஆறு பழமும் கல்லாக உறைந்திருந்தன. போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணை கேட்டார். குளிர் போகாத றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் கட்டி போட்டு, ஆறையும் அடுக்கி மூடினேன். பத்து மணிக்கு ஜெமீல் ஓட்டோவில் வந்தார். அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மற்றக் கையில் ஈர்க்கு இருந்தது.

நான் ஈர்க்கை வாங்கிக்கொண்டேன். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுருளை எடுத்து, பெட்டியைச் சுற்றி நாலு சுற்று இறுக்கி ஒட்டினேன். கத்தரிக்கோலை ஜெமீலின் சேட்டுப் பைக்குள் போட்டு, ஆட்டம் முடியும்வரை அதைச் சோடியிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி ஓட்டோவை அனுப்பினேன்.