பன்னிரண்டு போல்ட்டும் இருந்தன

1. அறுபத்து மூன்று பெட்டிகள்

சத்தம் கேட்டபோது காலை மணி ஒன்பது பத்து. நான் ஸ்டோரில் ஃப்யூஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு வரை வந்திருந்தேன். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. காலி டிரம்மைத் தரையில் போட்டால் வருமே, அந்த அளவுதான். அடுத்து ஓர் ஆள் அலறியதுதான் ஆலை முழுக்கக் கேட்டது.

அதைச் சொல்வதற்கு முன் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இன்று எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருக்கும் இளைஞர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விருதுநகர் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆலையை மூடியதும் ஐம்பத்திரண்டு வயதில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுப்பகுதி அது. பெயின்ட்டும் தின்னரும் தயாரிக்கும் ஆலை. டிரம்மைத் திறந்தாலே ஆவி கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, மூக்கு மட்டும் அறியும். ஒரு சுவிட்சைப் போடும்போது வரும் பொறி போதும், ஷெட்டே பற்றிக்கொள்ளும். அதனால் அங்கே ஒவ்வொரு சுவிட்சும் ஸ்டார்ட்டரும் விளக்கும் கனமான வார்ப்புப் பெட்டிக்குள் இருக்கும். ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி என்று பெயர். எங்கள் ஆலையில் அறுபத்து மூன்று. பெரியவை இருபத்தொன்று, தலைக்குப் பன்னிரண்டு போல்ட். நடுத்தரம் இருபத்தைந்து, எட்டு போல்ட். சிறியவை பதினேழு, நான்கு போல்ட். ஆக மொத்தம் ஐந்நூற்று இருபது போல்ட்டுகள்.

பத்து எலக்ட்ரீசியன்களைக் கேட்டால் ஒன்பது பேர் இதைக் காற்றுப் புகாத பெட்டி என்பார்கள். அது தவறு. ஆவி உள்ளே போகத்தான் செய்யும். பொறி பட்டு உள்ளே வெடிக்கவும் வெடிக்கலாம். வெடித்த நெருப்பு வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெட்டியின் வேலை. மூடியும் பெட்டியும் உலோகத்தோடு உலோகமாக ஒட்டியிருக்கும். நடுவே இருப்பது முடியளவு இடுக்கு. நெருப்பு அந்த இடுக்கைத் தாண்டி வருவதற்குள் சூடு தணிந்து செத்துவிடும். இடுக்கு அகன்றுவிட்டால் அது ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி இல்லை, வெறும் பெட்டி.

இது எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் படித்து, நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன்.

2. பூசைக்கு முன்

ஓசூர் ஆலைகளில் ஆயுத பூசை என்றால் பத்து நாள் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். மெஷின்களைக் கழுவித் துடைத்துப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். அன்றைக்கு முதலாளி வீட்டார் வருவார்கள். ஒவ்வொரு பேனலுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அந்த ஒரு நாள் ஆலை கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. மிக்சிங் ஷெட்டின் கூரை ஒழுகிப் பெட்டிகளுக்குள் தண்ணீர் இறங்கியது. வாரத்துக்கு மூன்று முறையாவது ஏதாவது ஒரு ஸ்டார்ட்டர் டிரிப் ஆகி, மெஷின் நின்றுவிடும். உற்பத்திப் பிரிவில் திட்டுவார்கள். அந்தத் திட்டை முதலில் வாங்குபவர் முனிரத்தினம்.

முனிரத்தினம் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியன். உத்தனப்பள்ளிக்காரர். முப்பத்து நான்கு வயது. வீட்டில் தெலுங்கு, உற்பத்திப் பிரிவில் கன்னடம், என்னிடம் தமிழ். அவர் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஐ.டி.ஐ. படித்து வயர்மேன் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் அவர். அந்த லைசென்ஸை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருப்பார்.

பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது என்னிடம் வந்து நின்றார்.

"சார், பெட்டில தண்ணி எறங்குதுங்க. தொடச்சு உட்டாலும் மறுநாளே செம்பெல்லாம் பச்சை புடிச்சுக்குது. ரப்பர் பேக்கிங் வெட்டிப் போட்டுரட்டுங்களா?"

நான் அப்போது போல்ட் எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூற்றுப் பதினாறில் இருந்தேன். பேச்சுக்கு முழுதாகக் காது கொடுத்தால் கணக்கு விட்டுப்போகும்.

"ஏதாவது செஞ்சு தண்ணி எறங்காமப் பாத்துக்கிடுங்க. பூசைக்கு முன்னாடி முடிஞ்சிரணும்" என்றேன்.

முந்நூற்றுப் பதினாறு என்று பென்சிலால் குறித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

நல்ல வேலைக்காரர் என்பதால் நன்றாகவே செய்திருந்தார். இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் ஷீட்டை மூடி அளவுக்கு வெட்டி, போல்ட் துளைகள் போட்டு, நடுவே வைத்து முறுக்கி, வெளியே நீட்டியதை பிளேடால் சீவி, அதன் மேல் பூசைப் பெயின்ட்டும் அடித்துவிட்டார். பார்த்தால் தெரியாது. தண்ணீரும் நின்றுபோனது. ஆனால் முடியளவு இருக்க வேண்டிய இடுக்கு ரப்பரின் கனத்துக்கு அகன்றுவிட்டது.

பூசைக்கு முந்தைய நாள் நான் செக் ஷீட் எழுதினேன். அதில் இரண்டு கட்டங்கள் முக்கியம். ஒன்று போல்ட் எண்ணிக்கை, மற்றது இடுக்கின் அளவு. போல்ட்டை ஒன்று விடாமல் எண்ணினேன். ஐந்நூற்று இருபதும் இருந்தன. இடுக்கைப் பார்க்க ஒவ்வொரு பெட்டியிலும் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்க வேண்டும். அது மெல்லிய தகடு. செருகியிருந்தால் பெயின்ட் உதிர்ந்து உள்ளே ரப்பர் தெரிந்திருக்கும். நான் முதல் பெட்டியில் மட்டும் செருகினேன். அதில் பேக்கிங் இல்லை. 'சரி' என்று எழுதினேன். கீழே அறுபத்திரண்டு பெட்டிகளுக்கும் டிட்டோ போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

3. மூன்றாம் மிக்சர்

பூசை முடிந்து பத்தாம் நாள். மூன்றாம் மிக்சரில் தின்னர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மிக்சர் ஓடவில்லை என்று கூப்பிட்டதும் முனிரத்தினம் போய் ரீசெட் செய்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். நான் முதலில் சொன்ன சத்தம் அப்போது கேட்டதுதான்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நான்கு தீயணைப்பான்களைக் காலி செய்து நெருப்பை அணைத்திருந்தார்கள். பெட்டி உடையவில்லை. மூடி இடத்தில்தான் இருந்தது. ஒரு பக்கம் ரப்பர் மட்டும் பிதுங்கி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமாகத்தான் நெருப்பு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் அவர் நின்றிருந்தார்.

வலது கை முழங்கை வரை, வலது கன்னம், காது. ஜீப்புக்கு அவரே நடந்து வந்தார். கையை இன்னொருவருடைய பொருளைப் போல முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னார்.

"பன்னெண்டு போல்ட்டும் டைட் பண்ணித்தாங்க சார் இருந்தேன்."

ஜீப் போனதும் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டும் இருந்தன.

4. விசாரணை

பூசை முடிந்து பன்னிரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, விசாரணை நடந்தது. ஆலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஆறாவதாக முனிரத்தினத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டவர் மேனேஜர். சேலத்துக்காரர், கத்தமாட்டார்.

"இந்த ரப்பர யாருங்க போடச் சொன்னது?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். மேசைமேல் என் செக் ஷீட் இருந்தது. மனதுக்குள் நான்கு வரை எண்ணிவிட்டேன்.

"யாரும் சொல்லலைங்க. நானேதான் போட்டேன்" என்றார் முனிரத்தினம்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, பன்னிரண்டு போல்ட்டும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன். அது பொய்யில்லை. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

எலக்ட்ரீசியனின் சொந்தத் தவறு என்று எழுதினார்கள். கான்ட்ராக்ட்டிலிருந்து நீக்குவது, லைசென்ஸை ரத்து செய்யும்படி எழுதுவது, திங்கட்கிழமை ஆலையை ஓட்டுவது என்று முடிவானது. மற்ற பெட்டிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. செக் ஷீட்டில்தான் எல்லாம் சரியாக இருந்ததே.

5. உத்தனப்பள்ளி

விசாரணை முடிந்ததும் முனிரத்தினத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். அவர் அம்மா தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மனைவி நேராகக் கேட்டார்.

"லைசென்ஸ புடுங்கிருவாங்களா சார்? அது இல்லைன்னா இவரு மறுபடியும் தக்காளித் தோட்டத்துக்குத்தான் போவணும். அதுக்கும் கை வேணுமே."

முனிரத்தினம் அவரைக் காபி போட அனுப்பினார். அவர் உள்ளே போகும் வரை பார்த்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அது ஒண்ணுதான்னு நெனச்சுக்கினாங்க. இன்னும் பதினாலு பெட்டில போட்டிருக்கேன்."

"ஏம்ப்பா அங்க சொல்லல?"

"ஒண்ணுன்னா தப்புன்னு உட்ருவாங்க. பதினஞ்சுன்னா போலீசுல குடுத்துருவாங்க சார். நீங்க வேலைல இருந்தாத்தான் அதக் கழட்ட முடியும். அதான் ஒங்க பேரச் சொல்லல."

எந்தெந்தப் பெட்டிகள் என்று கேட்டேன். ஆறைச் சொன்னார். மீதி நினைவில்லை. எங்கெங்கே தண்ணீர் இறங்கியதோ அங்கெல்லாம் போட்டதாகச் சொன்னார்.

"நீங்க சத்தமில்லாமக் கழட்டிருங்க சார்" என்றார்.

காபி வந்தது. குடித்தேன். 

6. சானமாவு

திரும்பி வரும்போது சானமாவுக் காட்டருகே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். யானைகள் ரோட்டைக் கடக்கின்றனவாம். ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றோம். கண்டக்டர் யாரையும் இறங்க விடவில்லை. நான் கணக்குப் போட்டேன். ஒரு பெட்டியைத் திறந்து மூட இருபது நிமிடம். அறுபதுக்கு மேல் பெட்டிகள். மெயினை நிறுத்த மேனேஜர் கையெழுத்து வேண்டும். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் சத்தமில்லாமல் முடிக்கும் வேலை இல்லை. திங்கட்கிழமை ஷெட்டில் இருபத்தெட்டுப் பேர் நிற்பார்கள்.

முனிரத்தினம் சொன்னார் என்று சொன்னால் அவரைப் போலீஸுக்கு அனுப்புவார்கள். பேக்கிங் போடச் சொன்னதே நான்தான் என்று சொல்ல வேண்டும். அதுதான் நடந்ததும்கூட. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்.

ஏழு யானைகள் போயின. கடைசியாகப் போனது குட்டி. பஸ் கிளம்பியது.

7. மேனேஜர் வீடு

ஞாயிறு காலை மேனேஜர் வீட்டு வாசலில் நின்றே சொன்னேன். பேக்கிங் போடச் சொன்னது நான், ஒரு பெட்டியில் இல்லை, பதினைந்தில் என்றேன்.

"விசாரணையில வாயில என்ன வெச்சிருந்தீங்க?" என்றார்.

பிறகு அவரே கேட்டார்.

"அப்ப அந்த ஷீட்டு?"

"மொதப் பெட்டி மட்டுந்தான் பாத்தேன் சார். மத்ததெல்லாம் டிட்டோ."

அவர் வாசல் கோலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"போல்ட்டு எண்றதுக்கா பெரியவரே ஒங்கள வேலைக்கு வெச்சோம்?"

ஆலை மேலும் இரண்டு நாள் நின்றது. முனிரத்தினத்தின் லைசென்ஸைப் பற்றி எழுதுவதில்லை என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார். எல்லாப் பெட்டிகளையும் திறந்து சரி செய்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி எனக்குச் சொன்னார்.

நானும் இன்னும் மூன்று பேரும் திறந்தோம். ஒவ்வொன்றிலும் நானே ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மாலை பதின்மூன்று பேக்கிங் என் கையில் இருந்தன. இன்னொன்று வேண்டும். பெட்டிகளை எண்ணினேன். வெடித்ததையும் சேர்த்து அறுபத்திரண்டுதான் வந்தது. மூன்று முறை எண்ணியும் அறுபத்திரண்டுதான்.

கேட் பாஸ் நோட்டைப் புரட்டினேன். பூசைக்கு மறு வாரம் ஒரு பெரிய பெட்டி, சாமல்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சிறு யூனிட்டுக்குப் போயிருக்கிறது. உடனே போன் செய்தேன். தின்னர் அறையில் மாட்டியாகிவிட்டது, அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மேனேஜரிடம் சொன்னேன். அவர்களிடம் பேசிச் சொல்கிறேன் என்றார். ராஜினாமாவை வாங்கிக்கொண்டார்.

8. சாமல்பட்டி

புதன்கிழமை நானே போனேன். கிருஷ்ணகிரியில் இறங்கி, ஊத்தங்கரை பஸ் மாறி. நான் வேலையில் இல்லை என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. வாட்ச்மேன் சல்யூட் அடித்து உள்ளே விட்டார்.

அங்கிருந்த சூப்பர்வைசருக்கு என் மகன் வயது இருக்கும். பெட்டி பளபளவென்று இருந்தது. காய்ந்த குங்குமப் பொட்டுகூட அப்படியே இருந்தது. பக்கத்தில் திறந்த டிரம்கள் ஆறு.

"எதுக்குங்க சார் தொறக்கணும்? பாருங்க, பன்னெண்டு போல்ட்டும் இருக்குது. ஒண்ணுகூட லூஸ் இல்ல" என்று ஸ்பேனரால் தட்டிக் காட்டினார்.

நான் ஃபீலர் கேஜை இடுக்கில் வைத்து அழுத்தினேன். பெயின்ட் உதிர்ந்தது. உள்ளே கறுப்பாக ரப்பர் தெரிந்தது. அந்த இளைஞர் ஓடிப்போய் மெயினை நிறுத்தினார்.

பதினான்கு.

முனிரத்தினத்திடம் போய்ச் சொன்னேன். "அப்ப சரிங்க சார்" என்றார். லைசென்ஸ் தப்பித்தது. ஆனால் வலது கையில் நான்கு விரல்கள் மடங்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாது. லேமினேட் செய்த அந்த அட்டை அதன் பிறகும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

சூப்பர்வைசராக இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எண்ணுவது சுலபம் என்பதால் நான் போல்ட்டை எண்ணினேன். குனிந்து பார்க்க வேண்டியதை விட்டேன். கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. நீங்கள் ஒவ்வொரு பெட்டியிலும் தகட்டைச் செருகிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் அளவை முழுதாக எழுதுங்கள். நான் இப்போது மளிகைப் பட்டியலில்கூட டிட்டோ போடுவதில்லை.