தலைகீழாய் ஒட்டிய காலெலும்பு

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் எல்லோரும் அவளை ஒட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெருக்க வந்தவள். உடைந்த ஜாடி ஒன்றைக் குப்பையில் போட மனசு வராமல் துண்டு துண்டாகச் சேர்த்துக் கொடுத்தாள். துடைப்பம் போய்ப் பசையும் தூரிகையும் கைக்கு வந்தன. அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. படிப்பு எட்டாம் வகுப்பு. "வாய் மட்டும் எம்.ஏ." என்பார் அவள் புருஷன். அவளுக்கென்று ஒரே சட்டம்: கழற்ற முடியாத பசையை எலும்பில் தடவக்கூடாது.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இருக்கும் பெரிய எலும்பு, கல்லாகிப்போன பழங்கால மனிதனுடையது, அவள் மேசையில் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவளே ஒட்டியது. மூன்று துண்டு. விளிம்புகள் தேய்ந்திருந்ததால் இடைவெளிகளைப் பொடி வைத்து நிரப்பியிருந்தாள். தூசு தட்டும்போது, நடுத்துண்டின் பின்பக்கம் ரத்தக்குழாய் நுழையும் சின்னத் துளையில் தூரிகை மயிர் ஒன்று மாட்டிக்கொண்டது. அதன் வெளிமுனை கணுக்காலைப் பார்த்து நின்றது.

இழுப்பறைகளைத் திறந்தாள். இந்தக் காலத்து மனிதர்களின் அதே காலெலும்பு, நாற்பது. ஒவ்வொரு துளையிலும் மயிரை விட்டுப் பார்த்தாள். நாற்பதிலும் துளை கீழ்நோக்கிச் சரிந்து உள்ளே போனது; வெளிமுனை முழங்காலைப் பார்த்தது. நடுத்துண்டைத் தலைகீழாக ஒட்டித் தொலைத்திருக்கிறாள்.

மேசைக்கு வந்து பார்த்த துறைத்தலைவர் நம்பவில்லை. அந்த எலும்பு கீழே பருத்திருப்பதை வைத்து, இவன் நடையே வேறு என்று புத்தகம் எழுதி அச்சடித்துவிட்டார்.

"பழங்கால மனுஷன்மா. அவனுக்கு வேற மாதிரி இருந்திருக்கலாம்."

"குரங்கு எலும்பையும் பார்த்துட்டேன் சார். நமக்கும் அப்படித்தான், குரங்குக்கும் அப்படித்தான். இவரு மட்டும் தலைகீழா பொறந்தாரா?"

"எட்டாவது படிச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"எலும்பு அதுகூடப் படிக்கல சார். ஆனா பொய் சொல்லல. தப்பு பண்ணது நான்தான். என் தப்பை நான் கண்ணாடிப் பெட்டில வெச்சு ஊருக்குக் காட்ட மாட்டேன்."

"அதைத் தொட்டா நாளைலேருந்து இங்க உனக்கு வேலை இல்ல."

"நாளைக்குத்தானே? இன்னிக்கு இந்த மேசை என்னோடது."

பசையைக் கரைக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்து ஒட்டின் மேல் சுற்றினாள். அவர் கத்தினார். அவள் நிமிரவில்லை. கால் மணி நேரத்தில் பசை இளகியது. துண்டுகளைத் துடைத்தாள், நடுத்துண்டைத் திருப்பினாள், புதுப் பசை தடவிப் பொருத்தினாள். ஒட்டியதைக் காயும்வரை நிற்கவைக்கும் மணல் தட்டைக் காட்சிக்கூடத்துக்குத் தூக்கிப்போயிருந்தார்கள்.

"சார், கீழ்ப்பக்கத்தைப் பிடிங்க."

"நானா?"

"விட்டா விழுந்து நொறுங்கிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

பிடித்தார். எலும்பு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடியது. அவர் புத்தகத்தில் எழுதிய பருத்த இடத்தைக் காணவே காணோம். பசை காயும்வரை அரைமணி நேரம் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒட்டுக்காரி வேலைக்கு வந்தாள். வாசலில் காவலாளி தயங்கினார். "உன்னை நிறுத்திட்டாங்கன்னு பேச்சாச்சேம்மா?"

"எதுக்கு நிறுத்தினாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லு, போயிடறேன்."

எழுதினால் புத்தகத்தின் தப்பையும் சேர்த்து எழுத வேண்டும்; அந்தக் காகிதத்தை எழுத யாருக்கும் கை வரவில்லை. அவள் உள்ளே போய் எலும்புத் துண்டுகள் இருந்த அடுத்த டப்பாவைத் திறந்தாள்.