வயிறு கறுத்த உள்ளான்

மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒற்றைக் கைத்தறியில் ஆரம்பித்து எட்டு பவர்லூம் போட்டவன் நான், யாரும் தூக்கிவிடவில்லை. பனிக்காலத்தில் எங்கள் ஏரிச் சேற்றில் இரை பொறுக்க வந்து இறங்கும் உள்ளான் பறவை வகைகளையும் அப்படித்தான், நானே பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். வாலை ஆட்டிக்கொண்டே நடப்பது ஒன்று, மூக்கை முழுசாகச் சேற்றில் சொருகுவது ஒன்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் கத்தலை வைத்துச் சொல்வேன். அம்மையார்குப்பத்தில் இதில் எனக்கு ஈடு எவனும் இல்லை.

என் அக்கா புருஷன், பாவா, நூலுக்குச் சாயம் போடுகிறவர். நிறம் என்றால் ஊரே அவரைத்தான் கேட்கும். நூலை வெயிலில் பிடித்து இது வேறு கலர் என்றால் வேறுதான். பறவைக்கும் அதே கணக்கை வைத்தார். தையில் வந்த வெள்ளை வயிறு ஒரு ஜாதி, பங்குனியில் நிற்கும் கறுப்பு வயிறு வேறு ஜாதி என்று தறிக்காரர்களிடம் அடித்துச் சொன்னார்.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருடம், நொண்டும் பறவை ஒன்றைத் தை முதல் விடாமல் பார்த்தேன். அப்போது வயிறு வெளுப்பு. மாசியில் சாயம் சொட்டியது போல அங்கங்கே கறுப்பு. பங்குனியில் தாடை முதல் வயிறு வரை ஒரே கறுப்பு. அதே நொண்டல், அதே பறவை. வடக்கே கிளம்பும் முன் சட்டை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சாயப்பட்டறையில் போய்ச் சொன்னேன். எல்லார் முன்னாலும் பாவா, "நூலைத் தொட்டியில முக்கி எடுக்கறவன் நானு. குருவியை எவன் முக்கினான் மச்சான், நீயா?" என்றார். பட்டறையே சிரித்தது.

எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் ஒரு தடவை ஏரிக்கு வந்து பார்த்து, ஆமாம் என்று சொல்ல வேண்டும். சைக்கிள் மிதித்தால் வாயில் போட்ட வெற்றிலை தீர்வதற்குள் ஏரி. கூப்பிட்டேன், தொட்டியில் நூல் கிடக்கிறது என்றார். மறுபடி கூப்பிட்டேன், பங்குனி உத்திரத்துக்குத் திருத்தணி மலைக்குப் போகணும் என்றார். கடைசியில் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"பாவா, அது போயிடும். நாளைக்குக் காலையில வாங்க."

"ஆங், வரேன். அதுவரைக்கும் நீ புடிச்சு வச்சுகினு இரு."

வெயில் ஏறும் வரை கரையில் காத்திருந்தேன். அவர் வரவில்லை. அடுத்த தடவை போனபோது சேற்றில் பறவையின் காலடித் தடம்தான் கிடந்தது.

அந்த நொண்டி திரும்ப வரவேயில்லை. 'சாயக்குருவி' என்ற பெயர் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது, வைத்தவர் பாவாதான். எட்டாவது பவர்லூம் ஓடிய அன்று எனக்கு மாலை போட்டார்கள். அப்போதும் பின்னாலிருந்து எவனோ அந்தப் பெயரைச் சொன்னான்.

பாவா செத்தபோது, அவர் கண்ணுக்கு நிகர் உண்டா என்று இழவு வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தக் கண்ணுக்கு நாலு மிதி மிதித்து வந்து ஒரு பறவையைப் பார்க்க மனசு வரவில்லை.