மழைக்கு நின்ற ஆட்டம்

பிள்ளைகளே, போன புதன்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கட்டிலில் குப்புறப் படுத்தபடி அந்த ஜப்பான் படத்தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உயர்பள்ளிப் பெடியள் பேஸ்பால் விளையாடுகிற தொடர். ஒரு ஆட்டத்தின் மூன்றாவது சுற்றில் மழை வந்து ஆட்டம் நின்றது. இனி என்ன நடக்கும் என்று மகன் கேட்டான். கதவடியில் நின்ற நான், "இந்த ஆட்டம் செல்லாது. நாளைக்கு முதலிலையிருந்து" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பப்பா, து கொனே சா?" என்று மகள் திரும்பிப் பார்த்தாள். உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்று அவளுக்கு ஆச்சரியம். அதற்குள் தொடரில் அடுத்த நாள் விடிந்து, விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் தொடங்கியது. சட்டம் மாறிவிட்டதாம். நான் சொன்னது பிழை என்று நீங்கள் சிரித்தீர்கள். நான் குசினியில் வேலை இருப்பதுபோல் எழும்பிப் போய்விட்டேன். குசினியில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஏன் போனேன் என்பதை இதில் எழுதி வைக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் கொஞ்சமும், லா சப்பல் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் பத்திரிகைகளில் மிச்சமுமாகச் சேர்ந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லப் பலமுறை பார்த்தேன், வரவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், நாலாம் மாடியில் ஒரு அறையும் ஒரு குசினியும்தான் எங்கள் வீடு. அப்பா உணவகத்தில் வேலை. அம்மா விடியமுன் எழும்பிக் கந்தோர்கள் துப்புரவாக்கப் போவார். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்கள் தெருவில் அநேகமான தமிழ் வீடுகளில் அப்படித்தான் இருந்தது. அதனால் எந்தப் பிள்ளை பிரெஞ்சு வாசிக்கிறதோ அந்தப் பிள்ளையிடமே கடிதப் பெட்டியின் திறப்பு இருக்கும். எங்கள் வீட்டில் அது என் கழுத்தில் ஒரு நூலில் தொங்கியது. மின்சாரக் கடிதமோ பள்ளிக்கூடக் கடிதமோ, எல்லாம் நான் வாசித்துச் சொன்னால்தான் வீட்டுக்குள் வரும். நான் ஒரு சின்ன மந்திரி மாதிரி நடந்துகொண்டேன்.

சித்தப்பா, அதாவது அப்பாவின் கடைசித் தம்பி, அதற்கு முந்தின வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். இருபத்துநாலு வயது. அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். முடிவு வரும்வரை வேலை செய்ய விடமாட்டார்கள். கொக்குவிலில் அவருக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். காட், அதாவது இங்கே இருக்க விடுகிற வதிவிட அட்டை, கிடைத்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கலியாணம் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று அந்தப் பெண்ணோடு கதைப்பார். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற எனக்கு, "வரும், வரும், கெதியா வரும்" என்பது மட்டும் கேட்கும்.

புதன்கிழமை பள்ளி இல்லை. காலையில் டிவியில் ஒரு ஜப்பான் தொடர் போகும். மலையடிவாரத்துச் சின்னப் பள்ளி ஒன்று, ஒரு ஆட்டத்திலும் வென்றதில்லை. தோளில் நோவோடு பந்தெறிகிற ஒரு பெடியன். தோற்றால் அந்த இடத்திலேயே வீட்டுக்குப் போகவேண்டிய போட்டி அது, இரண்டாவது தரம் கிடையாது. நான் பார்ப்பேன். சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு விளங்காது, நான் மொழிபெயர்க்க வேண்டும்.

முதல் நாளே அவர் துள்ளி எழும்பினார். "எட, இது எங்கட எல்லேயெல்லோ! தடியாலை அடிச்சுப்போட்டு ஓடுறான் பார்!"

எல்லே என்பது ஊரில் பள்ளிக்கூடங்களில் தடியும் பந்துமாக விளையாடுவது. சித்தப்பா அதில் கெட்டிக்காரனாம். ஆனால் ஒரு விசயம் மட்டும் அவருக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை.

"எல்லேயிலை பந்து எறியிறவன் அடிக்கிறவன்ரை ஆளடா. அடிக்கத் தோதா எறிஞ்சு குடுப்பான். இஞ்சை எறியிறவனே எதிரியோ? உது என்ன விளையாட்டு?"

"இது ஜப்பான் சித்தப்பா."

"ஜப்பானெண்டா? பாவம், அடிக்கிறவனுக்கு உதவிக்கு ஒருத்தரும் இல்லை."

அந்தத் தொடரில் பந்தெறிகிறவன் கையைத் தூக்கினால், பந்து போய்ச் சேர ஒரு கிழமை எடுக்கும். நடுவில் அவன் அம்மாவை நினைப்பான், மழைத்துளியைப் பார்ப்பான், கண்ணுக்குள் நெருப்பு எரியும். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிற அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி, உந்தப் பந்து போன புதன் எறிஞ்சதெல்லோ? இன்னும் போய்ச் சேரேல்லையோ?" என்பார். சித்தப்பா டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வந்துகொண்டிருக்குது அண்ணி, கொஞ்சம் பொறுங்கோ" என்பார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சித்தப்பாவின் விண்ணப்பத்துக்கு முதல் முடிவு வந்தது. பதிவுத் தபால். தபால்காரர் நாலு மாடி ஏறமாட்டார், பெட்டிக்குள் ஒரு மஞ்சள் துண்டுதான் கிடக்கும், அதைக் கொண்டுபோய்த் தபால் கந்தோரில் கொடுத்துக் கடிதத்தை எடுக்கவேண்டும். நானும் அவரும் போய் எடுத்தோம். வீடு வரும்வரை அவருக்குப் பொறுமை இல்லை, நடைபாதையிலேயே கடிதத்தை என் கையில் தந்தார். நான் வாசித்தேன். "இல்லையெண்டு சொல்லியிருக்கு சித்தப்பா" என்றேன். ஒரு கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னேன். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தார். யாரோ ஒரு அதிகாரி எடுத்த முடிவுதான். ஆனாலும் அவர் அதைக் கேட்டது என் வாயில் இருந்து. பிறகு அப்பா ஆட்களைப் பிடித்து மேல்முறையீடு போட்டுக்கொடுத்தார்.

தொடரில் எங்கள் பள்ளி கால் இறுதிக்கு வந்திருந்தது. அந்த ஆட்டத்தின் மூன்றாவது சுற்றுக்குள்ளேயே நாலு புள்ளி பின்னுக்கு. பெடியனின் தோள் வீங்கிவிட்டது. சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அப்போது மழை கொட்டியது. நடுவர் கையைத் தூக்கி ஏதோ அறிவித்தார்.

"என்னடா சொல்லுறான்?"

"ஆட்டம் செல்லாதாம் சித்தப்பா. இண்டைக்கு எடுத்த புள்ளி ஒண்டும் கணக்கில்லையாம். திரும்ப முதலிலையிருந்தாம்."

"நாலு புள்ளியும்?"

"ஓம். பூச்சியத்திலையிருந்து."

அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மழை காப்பாத்திப்போட்டுதடா! மழை காப்பாத்திப்போட்டுது!" விளக்கில் என் தலை இடித்தது. அவர் வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தால் வந்து பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் துண்டு. சித்தப்பாவின் பெயர்.

படிக்கட்டில் இருந்து அதை வாசித்தேன். பதினைந்து நாளுக்குள் எடுக்காவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும் என்று எழுதியிருந்தது. பிள்ளைகளே, ஒரு பத்து வயதுப் பெடியனின் மூளை எப்படி ஓடியது என்று பாருங்கள். இதுவும் அந்தமாதிரிக் கடிதம்தான், இதையும் நான்தான் வாசிக்கவேண்டும். எடுக்காவிட்டால் திரும்பிப் போகும். திரும்பிப் போனால் செல்லாது. செல்லாவிட்டால் அவர்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பூச்சியத்திலிருந்து.

துண்டைப் புவியியல் கொப்பியின் உறைக்குள் வைத்தேன்.

"பெட்டிக்குள்ளை ஏதும் கிடந்ததோடா?" சித்தப்பா ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"இல்லை சித்தப்பா."

"நல்லது. கனக்க யோசிக்கிறாங்கள் போல. யோசிச்சாத்தான் நல்லது."

திரும்ப நடந்த ஆட்டத்தில் எங்கள் பள்ளி ஒரு புள்ளியால் வென்றது. அது முடிய மூன்று புதன்கிழமைகள் எடுத்தன. பதினாறாம் நாள் நான் துண்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் இழுத்தேன். மழையை நானே பெய்வித்தமாதிரி ஒரு சந்தோசம்.

வசந்தகாலத்தில் ஒரு சாதாரண உறை வந்தது. நீளமான கடிதம், சட்டச் சொற்கள். எனக்கு விளங்கவில்லை என்று அப்பாவிடம் கொடுத்தேன். அன்று பின்னேரம் அவர் அதைப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவரிடம் கொண்டுபோய் வாசிப்பித்துவிட்டு வந்தார். வந்தவர் சப்பாத்தையும் கழற்றவில்லை.

"கூப்பிட்டிருக்கிறாங்களடா! நேரை வந்து உன்ரை கதையைச் சொல்லெண்டு மேல்முறையீட்டு மன்றத்திலை கூப்பிட்டிருக்கிறாங்கள். நீ போகேல்லை. போகாதபடியாலை முடிச்சுப்போட்டாங்கள். துண்டு போட்டவங்களாம், ஒருத்தரும் வந்து எடுக்கேல்லையாம்!"

"துண்டோ?" என்றார் சித்தப்பா.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். கனநேரம் இல்லை, உண்மையான ஒரு பந்து கையை விட்டுப் போகிற நேரம்தான். நான் நிலத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"ஓம் அண்ணை. வந்தது. காற்சட்டைப் பைக்குள்ளை வைச்சு மறந்துபோனன். உடுப்போடை தோய்ச்சுப்போட்டன்."

"திறப்பு இவனிட்டையெல்லோ தம்பி? துண்டு உங்கட கைக்கு எப்பிடி வந்தது?" என்று அம்மா கேட்டார்.

"அண்டைக்கு நான்தான் திறப்பை வாங்கிக்கொண்டு போனனான். இவனுக்கு ஒண்டும் தெரியாது."

"மறந்தனியோ?" அப்பாவின் குரல் உடைந்தது. "சோறு தின்ன மறக்கிறனியோ? நித்திரை கொள்ள மறக்கிறனியோ? உன்ரை வாழ்க்கையடா அந்தத் துண்டு!" கையை ஓங்கிவிட்டார். அம்மா நடுவில் வந்து, "பெடியன் பார்க்கிறான், விடுங்கோ" என்றார்.

நான் சித்தப்பா சொன்னதை நம்பினேன். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் கிழித்தது வேறு துண்டு, அவர் தொலைத்தது வேறு துண்டு என்று முழு மனதாக நம்பினேன். அன்று நன்றாக நித்திரை கொண்டேன். அடுத்த நாள் அவரிடம் போய்ப் புத்தியும் சொன்னேன்.

"சித்தப்பா, துண்டை என்னட்டைத் தந்திருக்கலாமே. நான் கவனமா வைச்சிருப்பன்."

 அவர் என் தலைமயிரைக் குழப்பிவிட்டு, "ஓமடா ராசா. உன்னட்டைத்தான் தந்திருக்கோணும்" என்றார்.

அந்தக் கோடையில் அவர் கலே துறைமுகப் பக்கம் போய், லொறி ஒன்றில் ஏறி இங்கிலாந்துக்குப் போனார். அங்கே பதினொரு வருடம் காட் இல்லாமல் இருந்தார். கொக்குவில்காரர் எவ்வளவு காலம் பார்த்திருப்பார்கள்? அந்தப் பெண்ணை நோர்வேயில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிறகு சித்தப்பா யாரையும் கட்டவில்லை. உங்கள் பிறந்தநாளுக்குத் தவறாமல் தொலைபேசி எடுக்கிறாரே, லண்டன் தாத்தா, அவர்தான்.

எனக்குப் பத்தொன்பது வயதில், சென் தெனிக்குப் போகிற மெத்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல் அந்த வருடத்தை நினைத்துப் பார்த்தேன். எங்கள் பெட்டிக்கு அந்த மாதம் வந்தது ஒரே ஒரு துண்டு. சித்தப்பா ஒரு நாளும் என்னிடம் திறப்பை வாங்கியதில்லை. இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அப்பா கண்ணை மூடும்வரை தன் தம்பியை "அந்த மறதிக்காரன்" என்றுதான் சொன்னார். கட்டில் பக்கத்தில் இருந்து அவருக்குக் கஞ்சி பருக்கிய நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கோடையில் லண்டன் தாத்தா வரும்போது நீங்கள் அவரிடம் இதைக் கேட்கவேண்டாம். முதலில் நான் சொல்லவேண்டும்.

ஆனால் அந்தப் பத்து வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்தப்பா போன மறுகிழமை, அப்பா கீழே இறங்கிப் போய், கடிதப் பெட்டியில் எங்கள் பெயருக்குக் கீழே ஒட்டியிருந்த சித்தப்பாவின் பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு வந்தார். எனக்கு அது பெரிய பிழையாகத் தெரிந்தது. மன்றத்தில் இருந்து திரும்பவும் கூப்பிட்டால் கடிதம் எங்கே வந்து சேரும்?

அடுத்த புதன்கிழமை வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அடிமட்டம் வைத்து இரண்டு கோடு போட்டு, நடுவில் சித்தப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். கீழே போய்ச் சுரண்டிய இடத்திலேயே ஒட்டி, நாலு மூலையையும் பெருவிரலால் அழுத்தினேன். கொஞ்சம் பின்னுக்கு நின்று, தபால்காரர் நிற்கிற இடத்திலிருந்து அது வடிவாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது.