வருந்துகிறார்களாம்

நண்பர்களே, லண்டன்காரனுக்கே பிழை திருத்தக்கூடிய, ஜவ்வாது மலையின் ஏக ஆங்கிலச் சக்கரவர்த்தியான நான் இன்று தோற்றேன்.

ஜமுனாமரத்தூர் சந்தையில் கடிதம் படித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுக்கும் என்னிடம் மலை விவசாயி சின்னாண்டி ஒரு சர்க்கார் கடிதத்தை நீட்டினான். சாமை விதைக்கும் நிலத்துக்குப் பட்டா கேட்டிருந்தான்.

"வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட்" என்று தொடங்கியது. அப்படித் தொடங்கிய லட்சம் கடிதம் படித்திருக்கிறேன். ஒன்றுகூட நல்லபடி முடிந்ததில்லை.

"இன்னா போட்ருக்குதுங்க?"

"வருத்தத்தோட தெரிவிக்கிறாங்களாம். பட்டா கெடையாதாம்ப்பா. நெலத்த வுட்டுடணுமாம்."

அவன் கடிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டான். பிறகு, "நமக்காக அவ்ளோ பெரிய ஆளுங்க வருத்தப்படறாங்களா? பாவம். நாங்க எப்படியோ பொழச்சிக்கிறோம், அவங்க மனசக் கஷ்டப்படுத்திக்க வாணாம்னு பதில் எழுதுங்க" என்றான்.

பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை இங்கிலீஷில் எப்படித் தொடங்குவது? தெரிந்தவர்கள் உடனே ஒரு கார்டு போடுங்கள்.